கணையத்தில் இருக்கிறது, கணையத்தினுடையது அல்ல

ஸ்கேன் அறிக்கையில் ‘கணையத்தில் கட்டி’ என்று ஒரு வரி வந்துவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்க ஆள் இருக்காது. கணையப் புற்று என்றால் நாள் எண்ணுவதுதான் என்ற பயம் ஊருக்குள் அவ்வளவு வேரூன்றியிருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் கணையத்தில் தென்படும் புற்றுக்கட்டிகள் எல்லாமே கணையத்தில் பிறந்தவை அல்ல. ஏறத்தாழ நூற்றில் 2 முதல் 5 வரை வேறோர் உறுப்பில் தோன்றி, பெரும்பாலும் ரத்தத்தின் வழியாக வந்து கணையத்தில் குடியேறியவை.

எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் மருந்து மாறும், அறுவை சிகிச்சையின் அளவு மாறும், எத்தனை ஆண்டு என்ற கணக்கும் மாறும். சிறுநீரகத்திலிருந்து கணையத்துக்குப் பரவிய கட்டியை முழுதாக அகற்ற முடிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். கணையத்திலேயே பிறந்த சுரப்பிப் புற்றில், அதாவது கணையப் புற்றின் வழக்கமான வகையில், அப்படியொரு கணக்கு கிடையாது. இரண்டுக்கும் மருந்துகளும் வேறு. கணையப் புற்றுக்குத் தரப்படும் நான்கு மருந்துக் கூட்டைச் சிறுநீரகப் புற்றுக்குக் கொடுத்தால் பலன் இராது, பக்கவிளைவு மட்டும் மிஞ்சும்.

யார் அனுப்பியது?

கணையத்துக்குப் புற்றை அனுப்பும் உறுப்புகளின் வரிசை, யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். இறந்தவர்களின் உடற்கூறாய்வுகளை வைத்துப் பார்த்தால் நுரையீரல் முன்னால் நிற்கும். அறுவை சிகிச்சை மருத்துவரைக் கேட்டால் சிறுநீரகம்தான் என்பார், அதுவும் பெரிய இடைவெளியில். இரண்டுமே சரி. நுரையீரல் புற்று கணையத்தைத் தொடும்போது பெரும்பாலும் கல்லீரல், எலும்பு, மூளை என்று பல இடங்களைத் தொட்டிருக்கும். அந்த நிலையில் கணையத்தைத் தனியாக யாரும் குடைந்து பார்ப்பதில்லை. சிறுநீரகத்தின் தெளிசெல் புற்றுக்கு, அதாவது அந்த உறுப்பில் வரும் புற்றில் மிகப் பொதுவான வகைக்கு, ஒரு விசித்திரக் குணம் உண்டு. வேறெங்கும் போகாமல் கணையத்தில் மட்டும் வந்து மெதுவாக வளரும். அதனால் அது மருத்துவர் கண்ணில் படுகிறது, கத்திக்கும் எட்டுகிறது.

இவை தவிர மார்பகம், பெருங்குடல், தோலின் நிறமிச் செல்களில் வரும் மெலனோமா, கருப்பை, கருப்பை தசையில் தோன்றும் சார்க்கோமா, சினைப்பை ஆகியவற்றிலிருந்தும் வரும். இரைப்பை, பித்தப்பை, பெருங்குடலின் குறுக்குப் பகுதி ஆகியவற்றில் உள்ள கட்டி பக்கத்துச் சுவரைத் துளைப்பதுபோல நேரடியாகக் கணையத்துக்குள் நுழைவதும் உண்டு. அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கணையத்தை ஒட்டிய நிணநீர்க் கணு வீங்கிக் கணையக் கட்டி போலவே தெரிவதும் உண்டு. அது அடிக்கடி நடக்கும் ஏமாற்று.

பழைய கதையை யார் கேட்பது?

இந்த நோயறிதலில் பாதி, ஸ்கேன் அறைக்கு வெளியே முடிந்துவிடும். நோயாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதற்கு முன் எப்போதாவது கட்டி எடுத்திருக்கிறீர்களா?

எளிய கேள்விதான். சிக்கல் பதிலில் இருக்கிறது. சிறுநீரகத்தை எடுத்ததற்கும் கணையத்தில் கட்டி தென்படுவதற்கும் இடையே சராசரியாக ஒன்பது, பத்து ஆண்டுகள் கடந்திருக்கும். இருபது ஆண்டுகளைத் தாண்டியவர்களும் உண்டு. ‘அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, இனி பயமில்லை’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் இத்தனை ஆண்டு இடைவெளியில் அதை மறந்தேவிட்டிருப்பார். வயிற்று வலிக்குப் புதிய மருத்துவமனைக்குப் போகும்போது, சீட்டில் ‘முன்பிருந்த நோய்கள்’ என்ற இடத்தில் சுகர், பிரஷர் என்று எழுதிவிட்டு நகர்வார். சிலருக்கு அது புற்று என்றே சொல்லப்பட்டிருக்காது. குடும்பம் மறைத்திருக்கும். ‘கிட்னியில கட்டி, எடுத்துட்டாங்க’ என்பது அவர் நினைவில் கல் ஆபரேஷன் அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

அதனால் கேள்வியைப் பல வடிவத்தில் கேட்க வேண்டும். வயிற்றிலோ விலாவிலோ தழும்பு உண்டா? இரண்டு கிட்னியும் இருக்கிறதா? மார்பில் கட்டி எடுத்ததுண்டா? கர்ப்பப்பை எடுத்தபோது ‘சாதாரணக் கட்டி இல்லை’ என்று யாராவது சொன்னார்களா? பாதத்திலோ நகத்துக்கு அடியிலோ கரும்புள்ளி, ஆறாத ஆணி என்று எதையாவது வெட்டி எடுத்தார்களா? நம்மைப் போன்ற கருநிறத் தோலுடையோருக்கு மெலனோமா வந்தால் முதுகிலும் முகத்திலும் தேடிப் பயனில்லை. உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அது அதிகம் வருகிறது. ஆணி என்று எண்ணி எடுத்துத் தூக்கிப் போட்ட சதையே மூலமாக இருக்கலாம்.

பதில் ‘ஆமாம்’ என்றால் உடனே தேட வேண்டியவை மூன்று: அன்றைய பெத்தாலஜி அறிக்கை, கண்ணாடி ஸ்லைடுகள், சதை பதித்த பாரஃபின் மெழுகுக் கட்டி. மெழுகுக் கட்டியைத்தான் எல்லோரும் ‘பிளாக்’ என்கிறார்கள். பழைய சதையையும் புதிய சதையையும் ஒரே நுண்ணோக்கியின் கீழ் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதைவிட வலுவான ஆதாரம் குறைவு. இங்கே நடைமுறைச் சங்கடம் ஒன்று இருக்கிறது. எந்த லேபும் பிளாக்குகளைக் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் கழித்துவிடுவார்கள். எழுதிக் கேட்டால் நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவார்கள். வெயில் படாமல், சூடு ஏறாமல் பெட்டியில் வைத்தால் பல ஆண்டு கெடாது. சிறுநீரகப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரும் இதைச் செய்துவைக்கலாம். வீட்டுப் பத்திரத்தைப் பத்திரப்படுத்துகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரகத்திலிருந்து வந்த கட்டி பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராமல், வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் அகப்படும். கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் காமாலை வரலாம். முன்சிறுகுடலை அரித்தால் கறுத்த மலம், ரத்தசோகை. நுரையீரலின் சிறுசெல் புற்று கணையத்துக்கு வந்தால் சில சமயம் முதல் அறிகுறியே கடும் கணைய அழற்சியாக இருக்கும். மது அருந்தாத, பித்தக்கல் இல்லாத புகைபிடிப்பவருக்குக் காரணம் தெரியாத கணைய அழற்சி வந்தால் மார்பு ஸ்கேனையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ரத்தப் பரிசோதனை என்ன சொல்லும், எதைச் சொல்லாது

கட்டி என்றதும் எல்லோரும் முதலில் ஓடுவது, கணையப் புற்றில் ரத்தத்தில் கூடும் ஒரு பொருளை அளக்கும் சிஏ 19-9 சோதனைக்கு. 37 யூனிட்டுக்குள் இருந்தால் நிம்மதி, மேலே போனால் கலக்கம். இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். பித்தநாளம் அடைபட்டுக் காமாலை வந்தாலே, கல்லினால் வந்த அடைப்பாக இருந்தாலும், இந்த எண் நூற்றுக்கணக்கில் எகிறும். எனவே காமாலை இருக்கும்போது எடுத்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அடைப்பை நீக்கி, காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிரூபின் இறங்கிய பின் மறுபடி பார்க்க வேண்டும். மறுபுறம், நூற்றில் 5 முதல் 10 பேரின் உடல் பிறவியிலேயே இந்தப் பொருளைத் தயாரிப்பதில்லை. அவர்களுக்குக் கணையமே புற்றாக இருந்தாலும் எண் ஏறாது. சிறுநீரகப் பரவலில் இது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆனால் ‘இயல்பாக இருக்கிறது, ஆகவே பரவல்’ என்ற தலைகீழ்க் கணக்கு செல்லாது.

ரத்தத்தில் ஓர் எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ஐஜிஜி-4 என்ற சோதனையைச் சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது. டெசிலிட்டருக்கு 135 மில்லிகிராமுக்கு மேல், குறிப்பாக இரண்டு மடங்கு தாண்டினால், இது புற்றே அல்ல, உடலின் எதிர்ப்பாற்றல் தன் கணையத்தையே தாக்கும் அழற்சியாக இருக்கலாம் என்ற வாசல் திறக்கும். அதற்கு ஸ்டீராய்டு மருந்துதான் வைத்தியம். சற்றே கூடியிருந்தால் மட்டும் அப்படி நம்பிவிடக் கூடாது. கணையப் புற்றிலும் அது சிலருக்குக் கூடும்.

ஸ்கேன் எடுத்தால் போதாது, எந்த நொடியில் எடுத்தது என்று பாருங்கள்

இந்தப் பகுதிதான் அதிகம் தவறுவது. ஆகவே கொஞ்சம் விரிவாக.

சி.டி. ஸ்கேனில் கையில் போடும் மருந்து, அதாவது அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட், ரத்தத்தோடு ஓடும். ஊசி போடத் தொடங்கிய 30 முதல் 35 நொடியில் தமனிகளில் ஒளிரும். 40 முதல் 50 நொடிக்குள் கணையத் திசு முழுக்க ஊறியிருக்கும். 65 முதல் 70 நொடியில் கல்லீரலும் அதற்குப் போகும் சிரைகளும் பளிச்சென்று தெரியும். வழக்கமான ‘வயிறு ஸ்கேன்’ என்று எழுதினால் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்தான் எடுப்பார்கள். அதில் நுணுக்கம் தொலைந்துபோகும்.

கணையத்தில் பிறந்த சுரப்பிப் புற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, நார்ச்சத்து அதிகம். எனவே சுற்றியுள்ள கணையம் ஒளிரும்போது அது இருண்ட திட்டாகத் தெரியும். கணையநாளத்தை நெரித்து, பின்னால் நாளம் உப்பும், அதற்கும் பின்னாலுள்ள கணையம் சூம்பும். தலையில் இருந்தால் பித்தநாளமும் கணையநாளமும் சேர்ந்தே விரியும். சிறுநீரகத்திலிருந்து வந்ததோ நேரெதிர். ரத்தத்தைக் குடித்து வளர்வது. தமனிக் கட்டத்தில் விளக்குப் போட்டதுபோல் ஒளிரும். விளிம்பு தெளிவாக, உருண்டையாக இருக்கும், கணையநாளத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் 70ஆவது நொடியில் அந்த ஒளி மங்கி, சுற்றியுள்ள கணையத்தோடு ஒன்றிப்போகலாம். அந்த நொடியில் மட்டும் படம் எடுத்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் கட்டி அப்படியே கண்ணுக்குத் தப்பும்.

ஆகவே மருத்துவர் சீட்டில் வெறும் ‘சி.டி. அடிவயிறு’ என்று எழுதுவது போதாது. ‘பான்கிரியாஸ் புரோட்டோகால், தமனி மற்றும் சிரைக் கட்டங்கள்’ என்று எழுத வேண்டும். கூடவே ‘இன்ன ஆண்டில் வலது சிறுநீரகம் தெளிசெல் புற்றுக்காக அகற்றப்பட்டது’ என்ற ஒரு வரி. ரேடியாலஜிஸ்ட் படத்தைப் பார்க்கும் கண்ணையே அந்த வரி மாற்றிவிடும். துண்டுகள் 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். மருந்து நொடிக்கு 4 முதல் 5 மில்லிலிட்டர் வேகத்தில் போக வேண்டுமென்பதால், புறங்கையில் குத்திய மெல்லிய ஊசி தாங்காது. முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் கனூலா வேண்டும். நரம்பு கிடைக்காமல் மெல்லிய ஊசியில் மெதுவாக ஏற்றிவிட்டால் தமனிக் கட்டம் என்று பெயருக்குத்தான் இருக்கும். வயிற்றுக்குள் வெள்ளைத் திரவத்தைக் குடிக்கக் கொடுப்பதும் இங்கே உதவாது. முன்சிறுகுடலை ஒட்டிய ஒளிரும் கட்டியை அது மறைக்கும். வெறும் தண்ணீர் அரை முதல் ஒரு லிட்டர் போதும்.

இதில் ஒரு சிக்கல் கூடவே வரும். இந்த நோயாளிகள் பலருக்கு இருப்பது ஒரே சிறுநீரகம். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சற்றே கூடியிருக்கும். அதைக் கண்டதும் ‘கான்ட்ராஸ்ட் வேண்டாம், சாதாரணமாக எடுங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். மருந்தில்லாத சி.டி.யில் இந்தக் கட்டியைத் தேடுவது, விளக்கணைத்த அறையில் கறுப்புப் பூனையைத் தேடுவதுதான். சிறுநீரகத்தின் வடிதிறன் எண் 30க்கு மேல் இருந்தால், தேவையான நீர்ச்சத்தோடு கான்ட்ராஸ்ட் கொடுப்பதில் பெரும்பாலும் தடையில்லை. 30க்குக் கீழே இருந்தால் சிறுநீரக மருத்துவரைக் கேட்டு எம்.ஆர்.ஐ. பக்கம் போகலாம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ.க்கு வேறு சில சாமர்த்தியங்கள் உண்டு. தெளிசெல் புற்றின் செல்லுக்குள் நுண்ணிய கொழுப்பு இருக்கும். இரு கட்டப் படங்களை ஒப்பிடும் ஒரு முறையில், கொழுப்புள்ள கட்டி இரண்டாவது படத்தில் சட்டென மங்கும். அது வலுவான துப்பு. மெலனோமா பரவலில் நிறமியின் காரணமாக, வழக்கமாக இருண்டு தெரிய வேண்டிய படத்தில் கட்டி வெளுத்துத் தெரியலாம். இரண்டும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால் கைகொடுக்கும்.

ஒளிரும் கட்டியெல்லாம் ஒன்றல்ல

தமனிக் கட்டத்தில் ஒளிரும் உருண்டைக் கட்டிக்கு இன்னும் மூன்று உரிமையாளர்கள் இருக்கிறார்கள். முதலாவது கணையத்தின் நியூரோ எண்டோக்ரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுவது. படத்தில் இரட்டைப் பிறவி என்றே சொல்லலாம். இரண்டாவது, கணையத்தின் வால்நுனிக்குள் பிறவியிலேயே புதைந்துகிடக்கும் துணை மண்ணீரல். நூற்றில் பத்துப் பேருக்காவது உடலில் எங்காவது துணை மண்ணீரல் உண்டு. அவர்களில் சிலருக்கு அது கணைய வாலுக்குள் இருக்கும். இது நோயே அல்ல. ஆனால் இதற்காகக் கணையத்தின் வாலையே வெட்டிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறைய இருக்கின்றன. எல்லாக் கட்டங்களிலும் அது பக்கத்து மண்ணீரலைப் போலவே ஒளிரும், மங்கும். சந்தேகம் நீடித்தால், நோயாளியின் சிவப்பணுக்களைச் சூடாக்கிக் கதிரியக்கப் பொருள் ஏற்றித் திருப்பிச் செலுத்தும் ஸ்கேன் உண்டு. மண்ணீரல் திசு மட்டும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது, மண்ணீரல் தமனியின் வீக்கம். இதில் தெரியாமல் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

‘பெட் ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்’ என்பது பரவலான நம்பிக்கை. சர்க்கரையோடு கதிரியக்கம் சேர்த்துப் போடும் வழக்கமான பெட் ஸ்கேன் நுரையீரல், மார்பகம், மெலனோமா, பெருங்குடல் பரவல்களில் நன்றாக வேலை செய்யும். கணையத்துக்கு அப்பால் வேறெங்கு போயிருக்கிறது என்பதையும் காட்டும். தெளிசெல் சிறுநீரகப் புற்று மட்டும் பல சமயம் சர்க்கரைக்கு ஆசைப்படாது. படத்தில் ஒளிராததால் ‘புற்று இல்லை’ என்று முடிவு கட்டினால் தவறு. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, சர்க்கரை அளவு 200க்குள் என்ற நிபந்தனைகளை மீறி எடுத்த ஸ்கேனும் பொய் சொல்லும்.

இன்னொரு பெட் ஸ்கேன் இருக்கிறது, டோட்டாடேட். நியூரோ எண்டோக்ரைன் கட்டியைத் தேடுவதற்கென்றே வந்தது. அதில் ஒளிர்ந்தால் ‘நியூரோ எண்டோக்ரைன்தான்’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கேதான் பள்ளம். சிறுநீரகப் பரவலும் அதில் ஒளிரலாம். துணை மண்ணீரல் கட்டாயம் ஒளிரும். கணையத் தலையின் கொக்கிப் பகுதி ஒரு நோயும் இல்லாதவர்களுக்கே லேசாக ஒளிரும். சிறுநீரகம் எடுத்த வரலாறு உள்ளவருக்கு இந்த ஸ்கேன் ஒளிர்ந்தது என்பது தீர்ப்பல்ல, ஒரு சாட்சி மட்டுமே.

ஊசி

முடிவைச் சொல்வது சதைதான். கணையம் வயிற்றின் பின்சுவரில், குடலுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் அடியில் படுத்திருக்கிறது. அதனால் இன்று வயிற்றுக்கு வெளியிலிருந்து குத்துவதைவிட எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் வழியே குத்துவதே முதல் தேர்வு. வாய் வழியாகக் குழாய் இறங்கும். நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவி. கட்டி உடலிலோ வாலிலோ இருந்தால் இரைப்பைச் சுவர் வழியாகவும், தலையில் இருந்தால் முன்சிறுகுடல் வழியாகவும் ஊசி போகும். வழியில் ரத்தக் குழாய் இருக்கிறதா என்று டாப்ளர் வண்ணத்தில் பார்த்துவிட்டுத்தான் குத்துவார்கள். மயக்கத்தில் செய்வதால் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. முன்னிரவிலிருந்து சாப்பிடாமல் வர வேண்டும்.

முன்னேற்பாட்டில் கோட்டைவிடுவது ரத்தம் உறையாத மாத்திரைகளில். ஆஸ்பிரினை மட்டும் பெரும்பாலும் தொடரலாம். குளோப்பிடோக்ரெல் என்றால் 5 முதல் 7 நாள், வார்ஃபரின் என்றால் 5 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திய மாத்திரை, கணையக் கட்டியைவிட முன்னதாக ஆளைக் கொண்டுபோகலாம். தட்டணுக்கள் 50,000க்கு மேல், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5க்குள் என்பது பொதுவான எல்லை. ஊசிக்குப் பின் நூற்றில் ஓரிருவருக்குக் கணைய அழற்சி வரலாம். அன்றிரவு வயிற்றுவலி முதுகுக்குப் பரவினால் காத்திருக்காமல் திரும்பிப் போக வேண்டும்.

ஊசியின் தடிமன் பெரும்பாலும் 22 அல்லது 25 கேஜ். செல்களை உறிஞ்சும் மெல்லூசியும் உண்டு, நுனியில் பற்கள் வைத்துச் சதையைக் கீற்றாக அறுத்தெடுக்கும் வகையும் உண்டு. ‘பரவலா?’ என்பதுதான் கேள்வியென்றால் இரண்டாவது வகையே நல்லது. தனித்தனிச் செல்களை வைத்து ‘புற்று’ என்று சொல்லிவிடலாம், ‘யாருடைய புற்று’ என்று சொல்ல முடியாது. அதற்குப் பல சாயங்கள் போட வேண்டும், ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு சதைச் சீவல் தேவை. இரண்டு மூன்று முறை குத்தி, கட்டிக்குள் விசிறி போல ஊசியைத் திசைமாற்றி எடுப்பார்கள்.

சிறுநீரகப் பரவலில் இங்கே தனிச் சிக்கல் உண்டு. ரத்தம் நிறைந்த கட்டியில் வழக்கம்போல் சிரிஞ்சை இழுத்து உறிஞ்சினால் குழாய் முழுக்க ரத்தம்தான் வரும். செல்கள் அதில் கரைந்துபோய், லேப் அறிக்கை ‘போதிய மாதிரி இல்லை’ என்று வரும். அப்படிப்பட்ட கட்டியில் உறிஞ்சாமல், அல்லது உள்கம்பியை மெதுவாகப் பின்னிழுக்கும் முறையில் எடுப்பது பலன் தரும். வந்த ரத்தக்கட்டியையும் வீசாமல், சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டு ‘செல் பிளாக்’ (மெழுகில் பதித்த செல்கள்) செய்யச் சொல்ல வேண்டும். பல சமயம் நோய் அந்த ரத்தக்கட்டிக்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஃபார்மலின் என்றதும் இன்னொன்று. எல்லாச் சதையையும் அதில் முக்கிவிடக் கூடாது. நம் நாட்டில் கணையத்தில் காசநோய் வரும். பார்க்க அச்சு அசலாகப் புற்றுக்கட்டி போலவே இருக்கும். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டைச் சலைனில் போட்டு, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். நிணநீர்ப் புற்று என்ற சந்தேகம் இருந்தால் செல்களை ஒவ்வொன்றாக அடையாளம் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் ஃபார்மலினில் போடாத செல்கள்தான் தேவை. இதை ஊசி போடும் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஊசி வெளியே வந்தபின் யோசித்தால் இன்னொரு மயக்கம், இன்னொரு செலவு.

சாயங்களின் சாட்சி

லேபில் முதலில் வழக்கமான சாயத்தில் பார்ப்பார்கள். வெளிறிய, கண்ணாடி போன்ற உடலுள்ள செல்கள் நடுவே மெல்லிய ரத்தக்குழாய் வலை இருந்தால் சிறுநீரகத்தை நோக்கி விரல் நீளும். அடுத்தது இம்யூனோ சாயங்கள், புரதத்தைப் பிடித்து நிறம் காட்டுபவை. இவற்றை அடையாள அட்டை என்கிறார்கள். சாட்சி என்பதே பொருத்தம், பொய் சாட்சியும் உண்டு.

சிறுநீரகத்துக்கு பாக்ஸ்-8, சி.ஏ.-9, சி.டி.-10 ஆகியவை. நியூரோ எண்டோக்ரைனுக்கு சினாப்டோஃபைசின், குரோமோகிரானின். படத்தில் இரட்டைப் பிறவிகளாக இருந்த இந்த இரண்டையும் பிரிப்பதற்கு பாக்ஸ்-8 ஒன்றே போதும் என்று நினைப்பது பிழை. அந்தச் சாயத்தில் பழைய வகை ஒன்று, கணையத்தின் நியூரோ எண்டோக்ரைன் செல்லிலுள்ள பாக்ஸ்-6 என்ற உறவுக்காரப் புரதத்தையும் ஆள் மாறிப் பிடித்துவிடும். ‘பாக்ஸ்-8 பாசிட்டிவ், ஆகவே சிறுநீரகம்’ என்று அறிக்கை வந்து, உண்மையில் நியூரோ எண்டோக்ரைனாக இருக்க வாய்ப்புண்டு. எனவே சினாப்டோஃபைசினையும் கட்டாயம் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் வரக்கூடிய வான் ஹிப்பெல் லிண்டாவ் என்ற பரம்பரை நோயும் உண்டு. அதில் சிறுநீரகப் புற்று, கணைய நியூரோ எண்டோக்ரைன் கட்டி, கணைய நீர்க்கட்டி எல்லாம் ஒரே உடலில் சேர்ந்திருக்கும். அங்கே ஒரு கட்டிக்குக் கிடைத்த பெயரைப் பக்கத்துக் கட்டிக்கும் சூட்டக் கூடாது.

நுரையீரல் சுரப்பிப் புற்றுக்கு டி.டி.எஃப்.-1, நாப்சின். சிலருக்கு டி.டி.எஃப்.-1 வராமலும் இருக்கும். பெருங்குடலுக்கு சி.கே.-20, சி.டி.எக்ஸ்.-2, சாட்பி-2. மெலனோமாவுக்கு சாக்ஸ்-10, எஸ்-100. மார்பகத்துக்கு கேட்டா-3, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. கேட்டா-3 மட்டும் வந்தால் போதாது, கணையப் புற்றிலும் அது ஓரளவு வரும். மார்பகத்தின் லோபுலர் வகை வயிற்றுக்குள் பரவுவதில் பேர்போனது. செல்கள் ஒற்றை வரிசையாக ஊடுருவுவதால் கட்டி உருவமே சரியாக அமையாது, கணையம் தடித்த மாதிரி மட்டும் தெரியும்.

கணையத்தில் பிறந்ததற்கு என்று தனிச் சாயம் எதுவும் இல்லை. இதுதான் இந்தத் துறையின் பெரிய குறை. சி.கே.-7 வரும், அது நுரையீரலிலும் மார்பகத்திலும் வரும். கணையச் சுரப்பிப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் ஸ்மாட்-4 என்ற புரதம் காணாமல் போயிருக்கும். அது காணாமல் போயிருந்தால் கணையத்தின் பக்கம் தராசு சாயும். இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது.

மிச்சச் சதையை வீணாக்காமல் வைப்பதும் முக்கியம். நுரையீரல் என்று தெரிந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர்., அல்க் மரபணு மாற்றங்களைப் பார்க்க வேண்டும். மாத்திரையிலேயே நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு அதில் இருக்கிறது. மார்பகம் என்றால் ஏற்பிகளை மறுபடி பார்க்க வேண்டும். பத்து ஆண்டுக்கு முன் மார்பில் இருந்த குணமே கணையத்துக்கு வந்ததிலும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சின்னஞ்சிறு சதையில் முப்பது சாயம் போட்டுத் தீர்த்துவிட்டால் இவற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. நோயின் பழைய வரலாறு லேபுக்குத் தெரிந்திருந்தால் நான்கைந்து சாயத்தில் முடிந்துவிடும். எழுதாமல் அனுப்பியதால்தான் முப்பது.

இரண்டு பக்கமும் வழுக்கும்

பழைய புற்றைக் கேட்காமல் கணையப் புற்று என்று முடிவுகட்டுவது ஒரு தவறு. இன்னொன்று அதற்கு நேரெதிர், அதுவும் குறைவில்லை. ‘இவருக்கு முன்பே புற்று இருந்தது, ஆகவே இதுவும் அதுதான்’ என்று ஊசியே போடாமல் பழைய நோய்க்கான மருந்தைத் தொடங்குவது. மார்பகப் புற்றோ பெருங்குடல் புற்றோ வந்து தேறியவருக்குக் கணையத்தில் புதிதாக ஒரு புற்று தோன்றவே கூடாது என்று விதி எதுவும் இல்லை. இருண்ட, ஓரம் சிதைந்த, நாளத்தை நெரிக்கும் ஒற்றைக் கட்டி கணையத்தில் இருந்து, வேறெங்கும் நோய் இல்லையென்றால், வரலாறு என்னவாக இருந்தாலும் புதிய கணையப் புற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புற்று மருந்துகளில் இருப்பவருக்குக் கணையம் வீங்கினால் அது மருந்தின் அழற்சியாகவும் இருக்கலாம்.

ஊசியில் ஒன்றும் வரவில்லை என்றால்? ‘புற்றுச் செல் இல்லை’ என்பதும் ‘மாதிரி போதவில்லை’ என்பதும் ஒன்றல்ல. அறிக்கையில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். படம் சொல்வதும் ஊசி சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி குத்துவதே முறை. சிறுநீரகம் எடுத்தவருக்குப் பல ஆண்டு கழித்து, தமனிக் கட்டத்தில் ஒளிரும் உருண்டைகள் கணையத்தில் இரண்டு மூன்று வந்திருந்தால், ஊசி இல்லாமலேயே பரவல் என்று கொண்டு மேலே நடக்கும் மருத்துவக் குழுக்களும் உண்டு. அறுவை செய்யப்போகிறோம், ஊசியின் பதில் அந்த முடிவை மாற்றாது என்ற நிலையில் அது நியாயமே. மாத்திரையும் ஊசிமருந்தும் தொடங்கப்போகிறோம் என்றால் சதை ஆதாரம் வேண்டும். அதிலும் கணையத்துக்கு மட்டும் பரவிய சிறுநீரகப் புற்று, ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகளுக்கு நன்றாக அடங்குவதும், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளுக்கு அவ்வளவாக அடங்காததும் கவனிக்கப்பட்டிருக்கிறது. எனவே பெயர் துல்லியமாகத் தெரிவது மருந்துக் கடை வரைக்கும் போகிறது.

அறுவை என்று முடிவானால் கடைசி நோயறிதல் கத்தி கையில் இருக்கும்போதே நடக்கும். சிறுநீரகப் பரவலில் ஸ்கேன் ஒன்று காட்டினால் உள்ளே இரண்டு இருப்பது உண்டு. மருத்துவர் கணையத்தைத் திறந்ததும் அதன் மேலேயே சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, தலையிலிருந்து வால்நுனிவரை ஒருமுறை நகர்த்திப் பார்ப்பார். எத்தனை அங்குலம் வெட்டுவது, எவ்வளவு கணையத்தை இன்சுலினுக்காக மிச்சம் வைப்பது என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் முடிவாகும். பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், அதே தமனிக் கட்டத்தோடு. மிச்சக் கணையத்தில் இன்னொன்று முளைப்பது அரிதல்ல.